ஆலிவ் தோட்டத்தில் யூத மதகுருக்கள்: பாலஸ்தீன விவசாயிகளுக்குத் துணை நிற்பது ஏன்?

அக்டோபர், நவம்பர் வந்தால் மேற்குக் கரையில் ஆலிவ் அறுவடை. மரத்தடியில் தார்ப்பாய் விரித்து, குடும்பமே சேர்ந்து காய் பறிக்கும். ஆனால் யூதக் குடியேற்றங்களை ஒட்டிய தோட்டம் என்றால் கதையே வேறு. கல்லடி விழலாம், போய்ப் பார்த்தால் மரமே வெட்டப்பட்டிருக்கலாம். அங்கே பாலஸ்தீன விவசாயிகளோடு போய்க் காய் பறிப்பவர்களில் யூத மதகுருக்களும் உண்டு.

யார் இவர்கள்?

‘மனித உரிமைகளுக்கான ரப்பிகள்’ என்ற இஸ்ரேலிய அமைப்பினர். ரப்பி என்றால் யூத மதகுரு. முதல் இன்டிஃபாடா எனப்படும் பாலஸ்தீன எழுச்சியை ராணுவம் அடக்கிக்கொண்டிருந்த 1988-ல், ரப்பி டேவிட் ஃபோர்மன் இதைத் தொடங்கினார். அப்பாவிகள் அடிபடும்போது மதத் தலைவர்கள் பலர் கண்டுகொள்ளவே இல்லை என்பதுதான் காரணம். ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ், ரிஃபார்ம் என ஒத்துப்போகாத பிரிவுகளின் ரப்பிகளும் இதில் சேர்ந்தார்கள்.

மதத்தில் இதற்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது என்கிறார்கள். மனிதர் எல்லோரும் கடவுளின் சாயல் என்கிறது தோரா. யூதர் மட்டும் என்று சொல்லவில்லை. அந்நியரை ஒடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் 36 இடங்களில் வருவதாக தால்முத் கணக்குச் சொல்கிறது. தமிழ் பைபிளில் உபாகமம் என்று இருக்கும் பகுதி, எதிரி நகரை முற்றுகையிடும்போதுகூடப் பழமரத்தை வெட்டத் தடை விதிக்கிறது. ஆலிவ் மரத்துக்கு இது அப்படியே பொருந்துமே!

சிக்கல் என்னவென்றால், இந்த நிலம் கடவுள் எங்களுக்குத் தந்தது என்று குடியேறிகள் காட்டுவதும் இதே தோராவைத்தான்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

குடியேறிகள் தாக்குவார்கள், உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்று சொல்லி, விவசாயிகளையே தோட்டத்துக்குள் விடாமல் தடுத்தது ராணுவம். கிராமத்தினரோடு இந்த ரப்பிகளும் வழக்குப் போட்டார்கள். 2006-ல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. திருடன் வருவான் என்பதற்காக வீட்டுக்காரரையே உள்ளே போகாதே என்பதா என்ற பொருளில் எழுதினார் நீதிபதி டோரிட் பெய்னிஷ். விவசாயிகளுக்கு ராணுவமே பாதுகாப்புத் தர வேண்டும் என்றும் உத்தரவானது. தீர்ப்புக்குப் பிறகும் தாக்குதல்கள் நிற்கவில்லை.

அமைப்பைப் பல ஆண்டுகள் வழிநடத்தியவர் ரப்பி ஆரிக் ஆஷர்மன். பாலஸ்தீனர் வீடுகளை இடிக்க வந்த புல்டோசர் முன் நின்றதற்காக, 2005-ல் நீதிமன்றம் இவரைக் குற்றவாளி என்றது. 2015 அறுவடையின்போது, இத்தமார் குடியேற்றம் அருகே முகமூடி போட்ட ஒருவர் கத்தியோடு இவர் மேல் பாய்ந்தார். வீடியோவில் பதிவான அந்தத் தாக்குதலில், நல்லவேளையாக உயிர் தப்பினார்.

மறு ஆண்டு அமைப்பிலிருந்து வெளியேறிய ஆஷர்மன், ‘நீதியின் தோரா’ என்று பொருள்படும் ‘தோரத் ட்செடெக்’ அமைப்பைத் தொடங்கினார். 2023 போருக்குப் பிறகு மேற்குக் கரையில் குடியேறிகளின் தாக்குதல் அதிகமாகிவிட்டது. ஆடு மேய்க்கும் பெதூயின் குடியிருப்புகளில் இரவு முழுக்கக் காவல் இருப்பது இப்போது அவர் வேலைகளில் ஒன்று.