உங்களுக்குத் தெரியுமா? கரையாத மருந்துக்குக் கொழுப்பே வாகனம்

பசிபிக் யூ மரப்பட்டையில் கண்டெடுத்த பாக்லிடாக்செல், மார்பகம், சினைப்பை, நுரையீரல் புற்றுநோய்களுக்கு வலுவான மருந்து. ஆனால் தண்ணீரில் ஏறக்குறையக் கரையவே கரையாது. 1992-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, ஆமணக்கு எண்ணெயிலிருந்து தயாரித்த கிரெமஃபோரையும் ஆல்கஹாலையும் சேர்த்துக் கரைத்துத்தான் ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். கொடுமை என்னவென்றால், சிலருக்கு மூச்சுத்திணறல் வரை கொண்டுபோன ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் இந்தக் கரைப்பானே காரணம்! அதைத் தடுக்க ஸ்டீராய்டை முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் கொழுப்பு நானோ துகள்கள் கைகொடுக்கின்றன. தண்ணீரோடு சேராத மருந்து, கொழுப்போடு இயல்பாகச் சேரும். அதைச் சுமந்த நுண்துகள் ரத்தத்தில் கலந்து பயணிக்கும். கொழுப்புக் குமிழிகளில் அடைத்த, கிரெமஃபோர் இல்லாத பாக்லிடாக்செல் 'லிபுசு' என்ற பெயரில் சீனாவில் 2003-இலேயே அனுமதி பெற்றுவிட்டது.