பக்கத்தைப் பிரிக்கும் முறை

பழைய ஏட்டுச்சுவடிகளில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி விடும் வழக்கம் இல்லை. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. செய்யுளும் உரையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே செல்வதும் உண்டு. 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர் போன்றோர், மூலம் எது, உரை எது என்று பிரித்துக் காட்டுவதற்கே பெரிதும் உழைக்க நேர்ந்தது. எழுதுவோன் இடாத பிரிவைப் படிப்போன் தேடி அலைய வேண்டியிருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

இன்று மாணவர்கள் தம் கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் கணினியில் சொற்செயலியைக் கொண்டு எழுதுகின்றனர். இங்கே பிரிவுகள் தாராளமாக இடப்படுகின்றன. ஆனால் பலரும் அவற்றைத் தவறான வழியில் இடுகின்றனர். இதற்குக் காரணம் தட்டச்சுப் பொறியின் பழக்கமேயாகும். அப்பொறியில் ஒவ்வொரு வரி முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளி அடுத்த வரிக்குச் செல்ல வேண்டும். சொற்செயலியிலோ, வரி நிரம்பியதும் எழுத்து தானே கீழிறங்கிவிடும். எண்டர் விசையை அழுத்தினால், ‘இப்பத்தி முடிந்தது’ என்று நாம் கணினிக்கு அறிவித்தவர்களாகிறோம்.

இதனை அறியாத மாணவர் ஒருவர், இரண்டாம் இயலைப் புதிய பக்கத்தில் தொடங்க விரும்பி, எண்டர் விசையைப் பதினைந்து முறை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் யாவும் ஒழுங்காகவே தோன்றும். பின்னர் ஆசிரியர் முதல் இயலில் நான்கு வரி சேர்க்கச் சொல்கிறார். உடனே இரண்டாம் இயலின் தலைப்பும் நான்கு வரி கீழே நகர்ந்துவிடுகிறது. வேறொரு கணினியில் அதே எழுத்துரு இல்லாவிடின் நிலைமை இன்னும் மோசமாகும். தமிழ் எழுத்துருக்கள் அகலத்தில் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவதால், பக்கங்கள் அனைத்தும் இடம் மாறிவிடும். ஏட்டை ஒப்படைக்க வேண்டிய நாளில் இக்குழப்பம் நேர்ந்தால், பல மாத உழைப்பும் பொலிவிழந்து நிற்கும்.

இதற்குரிய வழிகள் மூன்று. முதலாவது வரி முறிப்பு. ஷிப்ட் விசையுடன் எண்டரை அழுத்தினால் பத்தி முடியாமல் வரி மட்டும் முடியும். செய்யுளின் அடிகளுக்கும் முகவரிக்கும் இது ஏற்றது. இரண்டாவது பக்க முறிப்பு. கண்ட்ரோல் விசையுடன் எண்டரை அழுத்தினால், முன்னே எத்தனை வரிகள் கூடினும் குறையினும், அடுத்து வருவது புதிய பக்கத்திலேயே தொடங்கும். மைக்ரோசாப்ட் வேர்டு, லிப்ரே ஆபீஸ் ரைட்டர் ஆகிய இரண்டிலும் இவ்விரு முறைகளும் பொருந்தும்.

மூன்றாவது, வேர்டில் உள்ள பிரிவு முறிப்பு. பக்கத்தின் திசை, ஓரம், பக்க எண் ஆகியவை ஓரிடத்தில் மாற வேண்டுமாயின் இதுவே வேண்டும். முன்னுரைக்கு உரோம எண்ணும், நூலுக்கு 1 முதலான எண்ணும் தருவதற்கும், அகன்ற அட்டவணையைக் குறுக்குவாட்டில் அமைப்பதற்கும் இது பயன்படும். ஆயினும் ஓர் எச்சரிக்கை: ஒரு பிரிவின் அமைப்பு அதன் இறுதியிலுள்ள முறிப்பிலேயே அடங்கியிருக்கிறது. அதனை அழித்தால், முன்பகுதி பின்பகுதியின் அமைப்பை ஏற்றுவிடும். ரைட்டரில் இவ்வேலையைப் பக்கப் பாணிகள் செய்கின்றன.

இக்குறிகள் கண்ணுக்குப் புலப்படாமையால் பிழை எங்குள்ளது என்று கண்டறிவது அரிது. பத்திக்குறி பொறித்த பொத்தானை அழுத்தினால் அவை யாவும் திரையில் வெளிப்படும். வெற்றுப் பத்திகள் வரிசையாக நின்றால், அவற்றை நீக்கி ஒரே ஒரு பக்க முறிப்பை இடுக. இயல்கள் பலவாயின், இயல்தலைப்பின் பாணியிலேயே ‘இதற்கு முன் புதிய பக்கம்’ என்று ஒருமுறை விதித்துவிட்டால், ஒவ்வோர் இயலுக்கும் தனித்தனியே முறிப்பு இட வேண்டியதில்லை.

வெற்று வரிகள் அன்றைய திரையின் தோற்றத்தை மட்டுமே காக்கின்றன. முறிப்போ, எழுதியவர் எங்கே, எதற்காகப் பிரித்தார் என்ற கருத்தையே ஏட்டில் பதித்து வைக்கிறது. ஆதலால் கட்டுரையை எழுதி முடித்தபின், அச்சிடுமுன், அதன் தொடக்கத்தில் ஐந்து வரிகளைச் சேர்த்துப் பாருங்கள். தலைப்புகள் தம் இடத்தில் நிலைத்து நின்றால், அந்த ஐந்து வரிகளையும் நீக்கிவிட்டு, ஏட்டை அச்சத்திற்கு இடமின்றி ஒப்படைக்கலாம்.