கூலி கேட்ட போர்வீரன்

ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் இரண்டாம் பாகம் 1600இல் அச்சேறியது. அதிலே, குளொஸ்டர்ஷயர் மாவட்டத்துச் சமாதான நீதவான் ஷாலோவின் வீட்டில் படைக்கு ஆள் பிடிக்கும் காட்சியொன்று வருகிறது. இலஞ்சம் கொடுத்த இருவர் தப்பிவிடுகிறார்கள். பெண்களின் உடை தைக்கும் ஏழைத் தையற்காரன் ஃபீபிள் போருக்குப் போகிறான். பார்வையாளர் சிரிக்கிறார்கள்.

போனவன் திரும்பி வந்து, அதே நீதவானின் வாசலில் நின்றால் என்ன நடக்கும்? நாடகம் அதைச் சொல்லவில்லை. சொல்பவை, இங்கிலாந்தின் ஆவணக் காப்பகங்களில் இன்றும் கிடக்கும் மனுக்கள்.

1593ஆம் ஆண்டுச் சட்டம், போரில் ஊனமுற்ற சாதாரண வீரனுக்கு ஆண்டுக்குப் பத்துப் பவுணுக்கு மேற்படாத உதவிப்பணம் வழங்க இடமளித்தது. படைத்தலைவரின் அத்தாட்சிப் பத்திரத்தோடு, தன்னைப் படைக்குப் பிடித்த மாவட்டத்தின் பொருளாளரிடம் அவன் போகவேண்டும். பணத்தை ஊர்மக்களிடம் வரியாகத் திரட்டினார்கள். எனவே, கொடுப்பதில் நீதவான்கள் தாராளம் காட்டத் தயங்கியதில் வியப்பில்லை.

இது உதவிப்பணத்தின் கதை. சம்பளத்தின் கதை இதனிலும் கசப்பானது. 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பாராளுமன்றப் படையின் காலாள் வீரனுக்கு நாட்கூலி எட்டுப் பென்ஸ். 1647இல் அப்படையின் காலாட்களுக்குப் பதினெட்டு வாரச் சம்பளம் பாக்கி. ஒருவனுக்கு நான்கு பவுண் நான்கு ஷிலிங். ஆறு வாரப் பணத்தோடு வீட்டுக்குப் போகச் சொன்னது பாராளுமன்றம். பின்னர் எட்டு வாரம் என்றது. மாவட்டப் படைகளில் இருந்தவர்களோ உள்ளூர்க் குழுக்களின் வாசலில் காத்துக்கிடந்தார்கள். குடியானவர் வீடுகளில் தங்கி உண்ட செலவைக் கழித்து, மிகுதிக்குக் கடன்சீட்டுக் கொடுப்பதும் உண்டு. பசித்தவன் அந்தச் சீட்டை அடிமாட்டு விலைக்கு விற்றான். வாங்கிச் சேர்த்த அதிகாரிகள் பலர் அரச நிலங்களுக்கு உரிமையாளரானார்கள்.

இனி அந்த மனுக்களின் மொழியைப் பாருங்கள். வீரன் 'நான்' என்று பேசுவதில்லை. 'தங்கள் ஏழை மனுதாரன்' என்றே வருகிறான். எழுத்தறியாத அவனுக்காக வேறொருவர் எழுதுகிறார். போரிட்ட இடங்கள், பட்ட காயங்கள், பசித்திருக்கும் மனைவி மக்கள் என வரிசையாகச் சொல்லி, நீதவான்களுக்காக என்றும் பிரார்த்திப்பதாக வாக்களித்து முடிக்கிறான். சிலர் இடையிலே சம்பளப் பாக்கியையும் மெல்ல நினைவூட்டுகிறார்கள்.

இங்கேதான் நாம் சற்று நிற்கவேண்டும். வரவேண்டிய பணம் அவனுடையது. ஆனால் மனுவின் மொழி அவனை இரப்பவனாக்கிவிடுகிறது. உரிமையைப் பிச்சையாகக் கேட்டால்தான் காது கொடுப்பார்கள் என்பது அவனுக்கும் தெரியும், எழுதிக் கொடுத்தவருக்கும் தெரியும். 1660இல் முடியாட்சி மீண்டதும், 1662ஆம் ஆண்டுச் சட்டம் மன்னர் பக்கம் நின்றவர்களுக்கே உதவி என்றது. மற்றவனுக்கு அந்தப் பிச்சையும் இல்லை.

ஃபீபிளைப் பார்த்துச் சிரித்த நாம், இந்த மனுக்களையும் இலக்கியமாக வாசிக்கலாம். மேடை தராத கடைசிக் காட்சி அவற்றில் இருக்கிறது.