சாம்பல் நிறம் தெரியாத மை

ஓவியர் சில்பி வரைந்த கோயில் சிற்பம் ஒன்றின் மேல் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். தள்ளி வைத்துப் பார்த்தபோது கல்லின் உருட்சி தெரிந்தது, தூணுக்குப் பின்னால் இருட்டு தெரிந்தது, சிலையின் கன்னத்தில் மெல்லிய நிழல்கூடத் தெரிந்தது. கண்ணாடிக்கு அடியில் அந்த நிழலைத் தேடினால் கிடைக்காது. கறுப்புக் கோடு இருக்கும், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே வெறும் தாள் இருக்கும். வேறெதுவும் இருக்காது.

பென்சிலை அழுத்தினால் கறுக்கும், கையைத் தளர்த்தினால் வெளுக்கும். மைக்கு அந்த நெளிவுசுளிவு கிடையாது. பட்ட இடம் கறுப்பு, படாத இடம் வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் நம் கண் காண்கிற சாம்பல் நிறம் அத்தனையும் கோட்டின் தடிமனாலும் நெருக்கத்தாலும் உண்டாவது. அதனால் பேனாவும் மையுமாக வரையப் பழகுகிறவர் முதலில் கற்க வேண்டியது, தாளில் எந்த இடத்தைத் தொடாமல் விடுவது என்பதைத்தான் என்று நான் நினைக்கிறேன். கோடு போடும் லாகவம் பழகப் பழகத் தானாக வந்துவிடும்.

சில்பியின் இயற்பெயர் பி.எம். சீனிவாசன். 1919-இல் நாமக்கல்லில் பிறந்தவர். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை தாமும் ஓவியர். அவர் யோசனைப்படிதான் சீனிவாசன் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய அந்தப் பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரி. சீனிவாசன் படித்த காலத்தில் முதல்வராக இருந்தவர் ராய் சௌத்ரி, மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். பின்னால் ஆனந்த விகடனில் சேர்ந்தபோது 'சில்பி' என்ற பெயரை வைத்தவர் ஓவியர் மாலி. 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காக சில்பி கோயில் கோயிலாகப் போனார். சிலைக்கு எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தார். எழுத்து தேவனுடையது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார்கள்.

அந்தக் காலப் பத்திரிகை ஓவியர்கள் பேனாவை இவ்வளவு நம்பியதற்கு அச்சகம் ஒரு பெரிய காரணம். ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த நாளில் படத்துக்கு 'பிளாக்' எடுக்க வேண்டும். ஓவியத்தைப் புகைப்படமாக எடுத்து, அந்த நெகடிவ் வழியாக, ஒளி பட்டால் இறுகும் பூச்சு தடவிய துத்தநாகத் தகட்டின் மீது வெளிச்சம் பாய்ச்சுவார்கள். நெகடிவில் கோடுகள்தான் வெளிச்சத்தை விடும் என்பதால், தகட்டில் கோடு விழுந்த இடம் மட்டும் இறுகி நிற்கும். மற்ற இடத்தை அமிலம் அரித்துப் பள்ளமாக்கிவிடும். மேட்டில் நிற்கும் கோட்டில் மை ஒட்டும், தாளில் பதியும். இது லைன் பிளாக். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் படத்தைச் சிறு புள்ளிகளாக உடைக்கும் ஹாஃப்டோன் பிளாக் எடுக்க வேண்டும்; செலவு கூடுதல், மட்டமான தாளில் புள்ளிகள் அப்பிக்கொண்டு படம் கலங்கிவிடும். கோடு அப்படிக் கலங்காது. அச்சில் வரும் அளவைவிடப் பெரிதாக வரைந்து பிளாக்கில் சுருக்குவதும் வழக்கம். சுருங்கும்போது கையின் சிறு நடுக்கம் மறைந்துபோகும். பழகுகிறவர்களும் இதைக் கடைப்பிடிக்கலாம். தபால் அட்டை அளவில் தொடங்காதீர்கள். ஏ4 தாளாவது வேண்டும்.

சென்னையின் அம்பத்தூரில் பேனாவும் மையும் வேறொரு வேலைக்காகத் தினமும் ஓடிக்கொண்டிருந்தன. 1964-இல் தொழிற்பேட்டை வந்தது. லேத்துப் பட்டறை, வார்ப்படம், டூல் ரூம், வாகன உதிரிபாகம் என்று யூனிட்டுகள் பெருகப் பெருக, வரைபடம் தேவைப்பட்டது. கம்பெனியின் டிராயிங் ஆபீசில் சாய்வு மேசை, அதன் மேல் டிரேசிங் தாள், கையில் ரோட்ரிங் பேனா. கம்ப்யூட்டர் வரும்வரை எஸ்டேட்டில் உருவான பாகங்கள் பலவும் முதலில் மைக்கோடாகத்தான் பிறந்தன. ஐ.டி.ஐ-யில் டிராஃப்ட்ஸ்மேன் பிரிவு படித்துவிட்டு வந்த இளைஞர்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே கோடு இழுத்தார்கள்.

அங்கேயும் மையைக் கேட்டது நகலெடுக்கும் முறைதான். டிரேசிங் தாளை அம்மோனியா பிரின்ட் தாளின் மேல் வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் பிரின்ட் தாளின் ரசாயனப் பூச்சு அழிந்துவிடும். மைக்கோடு மறைத்த இடத்தில் மிஞ்சிய பூச்சு அம்மோனியா ஆவி பட்டு நீலக்கோடாகத் தெரியும். பென்சில் கோடு வெளிச்சத்தை முழுதாக மறைக்காது, பிரின்ட் மங்கலாக விழும். கோயில் சிலையை வரைந்தவரும் கியர் பெட்டியை வரைந்தவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே கட்டாயத்துக்குள் வேலை செய்திருக்கிறார்கள். கோடு தயங்கக் கூடாது என்பதுதான் அந்தக் கட்டாயம்.

டிராயிங் ஆபீசிலிருந்து ஓவியம் பழகுபவர் எடுத்துக்கொள்ள வேண்டிய முக்கியமான பாடம் கோட்டின் தடிமன். பொறியியல் வரைபடத்தில் பொருளின் வெளிவரம்புக்குத் தடித்த கோடு, அளவு குறிக்க அதில் பாதித் தடிமன். 0.25, 0.35, 0.5, 0.7 மில்லிமீட்டர் என்று பேனாக்களே வரிசையாக வரும். ஓவியத்தில் இதே விதி இப்படி மாறுகிறது: அருகில் இருப்பதற்கும் நிழல் பக்கத்துக்கும் தடித்த கோடு, தொலைவில் இருப்பதற்கும் வெளிச்சம் விழும் பக்கத்துக்கும் மெல்லிய கோடு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே தட்டையாகக் கிடக்கும் படம் எழுந்து உட்காரும். தப்பாகப் போன கோட்டை டிராஃப்ட்ஸ்மேன்கள் எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஷேவிங் பிளேடை விரல்களுக்கு நடுவே லேசாக வளைத்து, மையை மட்டும் சுரண்டுவார்கள். பிறகு அந்த இடத்தை நகத்தால் தேய்த்து மழமழப்பாக்குவார்கள். தேய்க்காமல் மேலே கோடு போட்டால் தாளின் நாரில் மை ஊறிக் கசியும். கெட்டியான தாளில் இன்றும் இது பலிக்கும்.

இனி கருவி. தொட்டு எழுதும் நிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனியிலிருந்து நடுத்துளைவரை ஒரு பிளவு ஓடும். மையில் முக்கி எடுத்தால் நிப்பின் குழிந்த அடிப்பக்கத்தில் ஒரு துளி தொங்கும். பரப்பு இழுவிசை அதை விழாமல் தாங்குகிறது. நுண்புழை நுழைவால் மை பிளவுக்குள் ஏறி நுனிக்கு வருகிறது. நுனி தாளைத் தொட்டதும் தாளின் நார்கள் மையைத் தம் பக்கம் இழுக்கின்றன. அழுத்தினால் பிளவின் இரு பக்கமும் விரிந்து கோடு தடிக்கும். விட்டால் சேர்ந்துகொண்டு கோடு மெலியும். ஒரே இழுப்பில் முடிபோல் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி முடியாக முடியும் கோடு இப்படித்தான் வருகிறது. நிப்பை நம் பக்கமாக இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் தள்ளினால் இரு நுனியும் தாளில் குத்திக்கொண்டு மையைத் தெறிக்கவிடும். புது நிப்பில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அதைத் துடைக்காமல் முக்கினால் மை முத்து முத்தாக உருண்டு ஓடும். ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். வேலை முடிந்ததும் கழுவி ஈரம் போகத் துடைத்து வையுங்கள். சென்னைக் காற்றில் எஃகு நிப்பு சீக்கிரம் துருவேறிவிடும்.

முதல் நாளே இந்த நிப்போடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பேன். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நல்ல ஸ்டேஷனரிக் கடையில் கேட்டால் ஃபைன்லைனர் பேனா கிடைக்கும். ஜப்பானின் சக்குரா நிறுவனத்தின் மைக்ரான் என்றால் 01 எண் கால் மில்லிமீட்டர் கோடு, 05 எண் 0.45 மில்லிமீட்டர். இந்த இரண்டும் போதும். ஆரம்பத்தில் பத்துப் பேனா கொண்ட பெட்டி வாங்குவது வீண் செலவு. பள்ளிக்கூட ஃபவுன்டன் பேனாவிலும் வரையலாம். ஆனால் அதில் இந்தியன் இங்க்கை ஊற்றிவிடாதீர்கள். கரித்தூளோடு அரக்கு சேர்ந்த மை அது. காய்ந்தால் தண்ணீரில் கரையாது என்பது தாளில் நன்மை, பேனாவின் நாக்குக்குள் எமன்.

தாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மலிவான நோட்டுத் தாளில் மை இறகுபோல் பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். தாள் தயாரிக்கும்போது சேர்க்கும் பசை குறைந்தால் நார்கள் மையைக் கண்டபடி உறிஞ்சும். 150 ஜி.எஸ்.எம். கார்ட்ரிட்ஜ் தாள் அல்லது மழமழப்பான ஐவரி அட்டை வாங்குங்கள். நம் ஊர்ச் சித்திரை, வைகாசியில் உள்ளங்கை வியர்வைகூட தாளைக் கெடுத்துவிடும். கைக்கு அடியில் எப்போதும் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும்.

பயிற்சிக்கு வருவோம். தாளில் தீப்பெட்டி அளவுக் கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தில் இணைகோடுகளை அகலமான இடைவெளி விட்டு நிரப்புங்கள். அடுத்ததில் இடைவெளியைக் குறையுங்கள். அதற்கடுத்ததில் மேலே குறுக்காக இன்னொரு வரிசை, பிறகு சாய்வாக மூன்றாவது வரிசை. வெள்ளையிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்புவரை ஒரு படிக்கட்டு கிடைக்கும். அதைப் பார்வையில் படும்படி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். எந்த நிழலுக்கு எந்தப் படி என்று பிறகு அதைப் பார்த்தே முடிவு செய்யலாம். சின்னக் கோடு விரலிலிருந்தும் நடுத்தரக் கோடு மணிக்கட்டிலிருந்தும் நீளக் கோடு முழங்கையிலிருந்தும் வர வேண்டும். நீளக் கோட்டை விரலால் இழுப்பதுதான் தொடக்கக்காரர் கோடு நடுங்குவதற்குக் காரணம். தொடங்கும் புள்ளியைப் பார்க்காமல் முடியும் புள்ளியைப் பார்த்துக்கொண்டு இழுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கை ஓரளவு பழகியதும், திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குப் போகச் சொல்வேன். அம்பத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன், மின்சார ரயிலில் சில நிமிஷம். சுந்தரர் பாடிய தலம். கருவறைக்கு முன்னே வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டு இருப்பதும், நந்தி சுவாமிக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்திருப்பதும் ஊரறிந்த சேதி. பேனா பழகுகிறவருக்கு முக்கியம் அதன் விமானம். தூங்கானை மாடம், அதாவது படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல் வளைந்து திரும்பும் அமைப்பு. சதுர விமானத்தில் வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் ஒரு மூலையில் வெட்டென்று பிரிந்துவிடும். இங்கே மூலை கிடையாது. வெளிச்சம் மெல்லத் தேய்ந்து நிழலாகிறது. அந்தத் தேய்மானத்தைக் காட்ட, கோடுகளும் வளைவோடு வளைந்து, போகப் போக நெருங்க வேண்டும். நேர்கோடுகளால் நிரப்பினால் விமானம் சப்பையாகிவிடும். காலையில் சீக்கிரம் போங்கள். வெயில் உச்சிக்கு ஏறினால் பக்கவாட்டு நிழல் போய்விடும். உட்கார்ந்ததும் நிழலின் விளிம்பைப் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நிழல் நகர்ந்தாலும் முதலில் குறித்ததையே நம்பி வரையுங்கள். இருட்டு மிகுந்த இடத்தை முதலில் போட்டுவிட்டு வெளிச்சத்தை நோக்கி வாருங்கள். வெயில் நேரே அடிக்கும் இடத்தில் கல்லில் எத்தனை வேலைப்பாடு தெரிந்தாலும் இரண்டொரு கோட்டோடு நிறுத்துங்கள். மிச்சத்தைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும்.

சில்பியின் நுணுக்கம் எல்லோருக்கும் வராது, எல்லோருக்கும் அது ஒத்தும் வராது. அப்படிப்பட்டவர்கள் கே.எம். ஆதிமூலத்தின் படங்களைப் பார்க்க வேண்டும். 1938-இல் பிறந்தவர், அதே சென்னைக் கலைப் பள்ளியில் படித்தவர். 1969-இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்திக் கோட்டோவியங்களில் கோடு ஓடுகிறது, சிக்குகிறது, முறுக்கிக்கொள்கிறது. அந்தச் சிக்கலுக்குள்ளிருந்து கிழவர் எழுந்து வருகிறார். அழகான கோடு வேண்டும் என்ற கவலையே அவற்றில் இல்லை. இருவர் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, எது உங்கள் கைக்கு நெருக்கம் என்று நீங்களே தீர்மானிக்கலாம்.

பழக இடம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. எஸ்டேட்டில் பழைய ஷெட்டுகள் இடிந்து, கண்ணாடிச் சுவர் வைத்த ஐ.டி. கட்டடங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. ஒரு லேத்துப் பட்டறையின் வாசல், ஷெட்டின் இரும்புச் சட்டம், மூலையில் குவிந்த உலோகச் சுருள்: இவற்றைவிடப் பேனாவுக்கு ஏற்ற பொருள் கிடைப்பது அரிது. பட்டறைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். கரி சேர்ந்த மை வெயிலில் வெளுக்காது, தாள் இருக்கும்வரை இருக்கும். ஆகவே ஒவ்வொரு படத்தின் கீழும், டிராயிங் ஆபீசில் செய்ததுபோல, இடத்தின் பெயரையும் தேதியையும் தவறாமல் எழுதிவையுங்கள்.