மிதக்குமா என்று கேள்

முட்டத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் தங்கை மகன் செல்போனை நீட்டினான். நாலு ஜிபிஎஸ் கருவிகளின் படம். “எது வாங்கலாம் மாமா?” ஃபைபர் வள்ளத்தில் தூண்டிலுக்குப் போகிறவன். இத்தனை நாள் கூலிக்குப் போனவன், இப்போது சொந்தமாக வள்ளம் இறக்குகிறான்.

“தண்ணில விழுந்தா மிதக்குமா?” என்றேன். அதை அவன் பார்க்கவில்லை. திரை எத்தனை அங்குலம், மேப் கலரா என்றுதான் பார்த்திருந்தான்.

நீர் புகாதது வேறு, மிதப்பது வேறு. ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் இறங்காது. ஆனால் ஜிபிஎஸ் பெட்டி இருபது பாகம் ஆழத்தில் போய்ப் படுத்துக்கொண்டால் அந்த எழுத்தை வைத்து என்ன செய்ய? என் கையிலிருந்து ஒன்று அப்படிப் போயிருக்கிறது. வலது கையில் நங்கூரக் கயிறு, இடது கையில் பெட்டி, ஓர் அலை. கார்மினில் 78 வரிசை மிதக்கும். அதே கம்பெனியின் ஈட்ரெக்ஸ் சின்னது, விலையும் குறைவு, விழுந்தால் முங்கிவிடும்.

“போன்லயே ஜிபிஎஸ் இருக்கே?” இருக்கிறது. டவர் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நாலின் சமிக்ஞை கிடைத்தால் போதும். ஆனால் இரை நறுக்கிய ஈரக் கையில் தொடுதிரை சொன்ன பேச்சு கேட்காது. உப்புத்தண்ணீர்ச் சொட்டையே விரல் என்று நினைத்துக்கொள்ளும். உச்சி வெயிலில் திரையும் தெரியாது. பொத்தான் இருக்க வேண்டும். பென்சில் பேட்டரி போடுவதாக இருந்தால், வள்ளத்திலேயே மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கவனித்து வாங்கச் சொன்னேன். பாருக்கு, அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைக்கு, மேல் வந்து எஞ்சினை அணைத்தவுடன் சில பெட்டிகளில் அம்பு கிறுக்குப் பிடித்தமாதிரி சுற்றும். ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம். ஜிபிஎஸ்ஸுக்குத் தெரிவது நாம் நிற்கும் இடம் மட்டும்தான். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்தால்தான் திசையைக் கணக்குப் போடும். நின்றால் திசை போச்சு. உள்ளே மின்னணு காம்பஸ் வைத்த கருவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. 78இல் அது கிடையாது, 78எஸ்ஸில் உண்டு. ஓர் எழுத்துதான், கடைக்காரர் சொல்ல மாட்டார்.

ஆழம் காட்டுமா என்று கேட்டான். காட்டாது, அது எக்கோ சவுண்டரின் வேலை.

எங்கள் அப்பா காலத்தில் பாரைக் கண்டுபிடிக்க, மலை உச்சிக்கு நேர் கீழே கோயில் கோபுரம் வர வேண்டும். இன்னொரு பக்கம் வேறொரு மலைக்குக் கீழே வேறொரு அடையாளம். இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் பார். மூடம் போட்டு மலை தெரியாவிட்டால் வீட்டுக்கு வர வேண்டியதுதான். நான் முதல் பெட்டி வாங்கியது 1999இல். பாருக்கு மேல் நிற்கிறோம் என்று காட்டும், தூண்டில் மணலில் கிடக்கும். அமெரிக்காக்காரன் வேண்டுமென்றே பொதுமக்களுக்கான சமிக்ஞையில் நூறு மீட்டர் வரை பிசகு வைத்திருந்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. 2000 மே 2 அன்று அதை நிறுத்தினார்கள். அதே பெட்டி திடீரென்று யோக்கியமாகிவிட்டது.

இன்றைக்குப் பிசகு நம்மிடம்தான். டீக்கடைப் பேப்பரின் ஓரத்தில் எழுதிக் காட்டினேன்: 7 டிகிரி 55.50. இது ஐம்பத்தைந்தரை மினிட், அதாவது 55 மினிட் 30 செகண்ட். புள்ளியைக் கவனிக்காமல் 55 மினிட் 50 செகண்ட் என்று இன்னொரு பெட்டியில் ஏற்றினால் இருபது செகண்ட் வித்தியாசம். வடக்கு தெற்காக ஒரு மினிட் என்பது ஒரு கடல் மைல், 1852 மீட்டர். இருபது செகண்டுக்கு அறுநூறு மீட்டருக்கு மேல். பாரே அவ்வளவு அகலம் இருக்காது. யாரிடம் பாரின் பாயிண்ட் வாங்கினாலும் அவர் பெட்டி எந்த முறையில் காட்டுகிறது என்று கேட்டு, நம் பெட்டியின் செட்டிங்கையும் அதே முறைக்கு மாற்றிவிட்டு ஏற்ற வேண்டும்.

நாலாவது படத்தில் இருந்தது செயற்கைக்கோள் வழியாகச் செய்தியும் அனுப்பும் கருவி. துபாயிலிருந்து சித்தப்பா கொண்டுவருவார் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை இந்தியாவுக்குள் வைத்திருக்கக் கூடாது. விமான நிலையத்திலேயே பிடித்திருக்கிறார்கள்.

கடைசியாக, பாயிண்ட்டையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வை என்றேன். என் பெட்டி முங்கியபோது பத்து வருஷத்துப் பார்களும் கூடவே முங்கின. அதற்குப் பிறகுதான் எழுத ஆரம்பித்தேன்.

“அப்ப அந்த நோட்டைக் காட்டுங்க மாமா.”

டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன்.