தட்டியது சரி, 'மிஸ்' என்கிறதே ஏன்?

டேப்லட்டில் ஒரு மியூசிக் கேமை டவுன்லோட் செய்யும் முன்பு, அதை ஏற்கெனவே ஆடியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துப் பார்ப்பவரா நீங்கள்? நல்ல பழக்கம்தான். ஆனால் இந்த வகை கேம்களில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே கேமுக்கு ஒருவர் ஐந்து ஸ்டார் கொடுத்து "அருமை" என்பார். அடுத்தவர் ஒரு ஸ்டார் கொடுத்து "சரியாகத் தட்டினாலும் மிஸ் என்கிறது, காசும் போச்சு, நேரமும் போச்சு" என்று திட்டியிருப்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. அது எப்படி என்பதை எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

நான் தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் சாஃப்ட்வேர் இன்ஜினியராக இருக்கிறேன். அக்கா வீடு சேலையூரில். அக்கா மகனுக்கு வயது பத்து. மேற்கு தாம்பரத்தில் ஒரு வாத்தியாரிடம் மூன்று வருடமாக மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். அவன் பிறந்த நாளுக்கு ஒரு ப்ளூடூத் ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அக்கா போன் செய்து, "இவன் மிருதங்கமே வேண்டாம்கிறான்டா, நீ வந்து பேசு" என்றார்.

போய் விசாரித்தேன். டேப்லட்டில் ஒரு ரிதம் கேம் ஆடுகிறான். பக்கத்து ஃப்ளாட் பையனுக்கு 'பெர்ஃபெக்ட்' 'பெர்ஃபெக்ட்' என்று வருகிறது. பாட்டே கற்றுக்கொள்ளாத பையன். இவனுக்கோ 'மிஸ்' மேல் 'மிஸ்'. "எனக்குத் தாளமே வரல மாமா. கம்ப்யூட்டரே சொல்லுது" என்றான். கம்ப்யூட்டர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அவனுக்கு. அந்த நம்பிக்கையில் எங்களைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு.

ரிதம் கேம் என்றால் என்ன?

பாட்டு ஓடும். திரையில் வட்டங்களோ கட்டங்களோ வரும். தாளத்திற்குச் சரியாக அவற்றைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான். 1996ல் பிளேஸ்டேஷனில் வந்த பராப்பா தி ராப்பர், 1998ல் கொனாமி நிறுவனம் கொண்டுவந்த டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன், 2005ல் வந்த கிட்டார் ஹீரோ ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. 2008ல் ஐபோனுக்கு வந்த டேப் டேப் ரெவெஞ்ச், தனிக் கருவி எதுவும் இல்லாமல் தொடுதிரையில் விரலால் தட்டியே ஆட வைத்தது. 2012ல் தைவானின் ரேயார்க் நிறுவனம் சைட்டஸ் என்ற கேமை வெளியிட்டது. இதில் ஒரு கோடு திரையில் மேலும் கீழுமாக நகரும். அது வட்டத்தைத் தொடும் நேரத்தில் நாம் தட்ட வேண்டும். இதே நிறுவனத்தின் டீமோ 2013ல் வந்தது. 2014ல் வந்த பியானோ டைல்ஸைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

போனில் இரண்டு கட்டை விரலால் ஆடுவார்கள். டேப்லட்டை மேசையில் வைத்து ஆள்காட்டி விரல்களால் ஆடலாம், தேவைப்பட்டால் நான்கைந்து விரல்களையும் பயன்படுத்தலாம். ஆகவே டேப்லட்தான் வசதி என்பது பலரின் கருத்து. என் கருத்தும் அதுவே.

கேமிற்குள் ஒரு கடிகாரம்

இப்போது விஷயத்திற்கு வருவோம். கேம் சாஃப்ட்வேருக்குப் பாட்டு கேட்காது. அதற்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. எந்த வட்டம் எத்தனையாவது மில்லி செகண்டில் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. (ஒரு செகண்டில் 1000 மில்லி செகண்ட்.) நீங்கள் தட்டிய நேரத்தை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் பெர்ஃபெக்ட், குட், மிஸ் என்று சொல்கிறது. எவ்வளவு முன்பின் போகலாம் என்பது கேமுக்குக் கேம் மாறும். கம்ப்யூட்டரில் இலவசமாக ஆடக் கிடைக்கும் ஓசு என்ற கேமில், 5 என்ற நடுத்தர அளவில் முழு மதிப்பெண் வேண்டுமானால் சுமார் 50 மில்லி செகண்ட் முன்பின்தான் அனுமதி.

திரையில் படம் வருவதில் தாமதம் குறைவு. சாதாரணத் திரை செகண்டுக்கு 60 முறை மாறுகிறது. அதாவது 17 மில்லி செகண்டுக்கு ஒரு படம். ஒலி அப்படி இல்லை. கம்ப்யூட்டரோ டேப்லட்டோ, ஒலியைத் துளித் துளியாக அனுப்புவதில்லை. ஒரு பாத்திரத்தில் நிரப்பி, நிரம்பியதும் ஊற்றுகிறது. இந்தப் பாத்திரத்தின் பெயர் பஃபர். சிடி தரத்தில் ஒரு செகண்ட் ஒலிக்கு 44,100 மாதிரிகள். பஃபரின் அளவு 4096 மாதிரிகள் என்றால் அது நிரம்பவே 93 மில்லி செகண்ட் ஆகிவிடும். 256 என்றால் ஆறு மில்லி செகண்ட்தான். ஆனால் பஃபர் சிறிதானால் பிராசஸர் ஓய்வில்லாமல் அதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால் ஒலி விட்டுவிட்டு வரும். அதனால்தான் பல சாதனங்களில் பெரிய பஃபரையே வைத்துவிடுகிறார்கள்.

இதற்கு மேல் ப்ளூடூத் சேர்ந்தால்? ஒலியைச் சுருக்க வேண்டும், ரேடியோ அலையில் அனுப்ப வேண்டும், ஹெட்போன் அதை விரிக்க வேண்டும், நடுவில் சிக்னல் தடைப்பட்டாலும் ஒலி அறுந்துவிடாமல் இருக்க ஹெட்போனுக்குள்ளும் ஒரு பஃபர். எல்லாம் சேர்ந்து 150 முதல் 250 மில்லி செகண்ட் வரை தாமதமாவது சாதாரணம். இந்தத் தாமதத்தை லேட்டன்சி என்கிறார்கள்.

200 மில்லி செகண்ட் என்பது பெரிதா? ஒலி காற்றில் செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 200 மில்லி செகண்டில் ஏறக்குறைய 69 மீட்டர். சாமி புறப்பாட்டில் தவில்காரர் தெருமுனையில் நிற்கிறார், நீங்கள் 69 மீட்டர் தள்ளி உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழி தோலில் விழுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். சத்தம் பிறகுதான் வரும். ப்ளூடூத் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடுபவர் அந்த வாசலில் நின்றுதான் தாளம் போடுகிறார்.

தாளக் கணக்கிலும் பார்க்கலாம். ஆதி தாளத்தில் ஓர் அட்சரம் 750 மில்லி செகண்ட் ஓடும் காலப்பிரமாணத்தில், சதுஸ்ர நடையில் ஒரு மாத்திரைக்கு 187 மில்லி செகண்ட் கிடைக்கும். 'தகதிமி'யில் 'த' விழ வேண்டிய இடத்தைத் தாண்டி, 'க' விழும் இடத்தில்தான் நம் காதுக்கு 'த' கேட்கிறது. மூன்று வருடம் மிருதங்கம் படித்த பையன் காதால் கேட்டுத்தான் தட்டுவான். கேட்டதற்குச் சரியாகத் தட்டினான், கேமின் கடிகாரத்திற்கு ஒரு மாத்திரை தாமதம். பக்கத்து ஃப்ளாட் பையன் பாட்டைக் கவனிப்பதே இல்லை. வட்டத்தைப் பார்த்துத் தட்டுகிறான். படம் நேரத்திற்கு வந்துவிடுவதால் அவனுக்கு பெர்ஃபெக்ட். காது எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு மிஸ்!

அளந்து பார்த்தேன்

இதை நானும் சந்தேகத்தோடுதான் நினைத்தேன். அளந்துவிட்டால் தெரிந்துவிடும் அல்லவா? உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை. டேப்லட்டில் தட்டினால் டிரம் ஒலி தரும் ஏதாவது ஒரு ஆப் திறந்துகொள்ளுங்கள். பக்கத்தில் போனை வைத்து வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிடுங்கள். டேப்லட் கண்ணாடியை விரல் நுனியும் நகமும் சேர்ந்து படும்படி 'டக்' என்று தட்டுங்கள். ரெக்கார்டிங்கில் முதலில் நகத்தின் 'டக்', பிறகு டிரம் ஒலி பதிவாகும். ஹெட்போனைச் சோதிக்கும்போது அதை போனின் மைக் மீது ஒட்டி வையுங்கள்.

இந்த ஃபைலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் திறந்தால் இரண்டு மேடுகள் தெரியும். முதல் மேட்டின் தொடக்கத்திலிருந்து இரண்டாவதின் தொடக்கம் வரை மவுஸால் தேர்வு செய்யுங்கள். கீழே உள்ள செலக்ஷன் பகுதியில் லெங்த் எவ்வளவு என்று மில்லி செகண்டிலேயே காட்டும். (ஆடாசிட்டியை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். இதே பெயரைப் போட்டு வேறு எதையாவது இன்ஸ்டால் செய்ய வைப்பவர்கள் இருக்கிறார்கள்.)

அக்கா வீட்டு டேப்லட்டில் அதன் சொந்த ஸ்பீக்கருக்கு வந்தது 85. நான் வாங்கிக் கொடுத்த ஹெட்போனுக்கு 270. பெட்டியில் 'கேமிங்கிற்கு ஏற்றது' என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

மறுநாள் மாலை டேப்லட்டை எடுத்துக்கொண்டு பையனோடு வாத்தியார் வீட்டிற்குப் போனேன். ஹெட்போனோடு முதலில் அவரை ஆடச் சொன்னேன். நாற்பது வருடமாக வாசிப்பவர். மிஸ், மிஸ், மிஸ். "என்ன தம்பி, இதுக்குக் காலப்பிரமாணமே நிக்கல?" என்றார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் அதே பாட்டை வைத்தேன். பெர்ஃபெக்ட் வர ஆரம்பித்தது. பையன் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். நீளமாக இழுக்க வேண்டிய குறிகள் வந்தபோது மட்டும் கண்ணாடியைத் தேடிக்கொண்டு சார் தோற்றுப்போனார். அதில் பையன் அவரை ஜெயித்துவிட்டான். சனிக்கிழமை கிளாஸுக்குப் போனான்.

சரி, கருத்துகளை எப்படிப் படிப்பது?

"டைமிங் மோசம்" என்று எழுதியவர் எந்தச் சாதனத்தில், என்ன ஹெட்போனில் ஆடினார் என்று எழுதியிருக்கிறாரா பாருங்கள். எழுதவில்லை என்றால் அந்த ஒரு ஸ்டாரைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே போல "கிராஃபிக்ஸ் சூப்பர்" என்று மட்டும் எழுதிய ஐந்து ஸ்டாரும் உங்களுக்கு உதவாது. அவர் கண்ணால் ஆடியவராக இருக்கலாம். எனக்குப் பிடித்தவை மூன்று ஸ்டார் கருத்துகள். கோபமும் இல்லாமல், புகழ்ச்சியும் இல்லாமல், எது சரி எது சரியில்லை என்று எழுதுபவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

தேதியையும் பாருங்கள். ஆண்ட்ராய்டில் ஒலித் தாமதம் ஒரு காலத்தில் மிக அதிகம். 2012ல் வந்த 4.1 பதிப்பில் அதைக் குறைக்கும் வேலை நடந்தது. 2017ல் வந்த 8.0 பதிப்பில் ஏஆடியோ என்ற புதிய வழியே சேர்க்கப்பட்டது. 2013ல் ஒருவர் திட்டியது அன்று நியாயமாக இருந்திருக்கும், இன்றைய டேப்லட்டுக்கு அது பொருந்தாது. கூகுளும் 2019 முதல் புதிய மதிப்பெண்களுக்கு அதிக எடை கொடுத்தே சராசரியைக் கணக்கிடுகிறது. டேப்லட், போன் என்று சாதன வகைக்கு ஏற்ப மதிப்பெண்ணைப் பிரித்துக் காட்டப்போவதாக 2021ல் அறிவித்தது. எனவே டேப்லட்டில் ஆடப்போகிறீர்கள் என்றால் கருத்துகளையும் டேப்லட்டிலிருந்தே திறந்து படியுங்கள்.

"கலிப்ரேஷன்" அல்லது "ஆஃப்செட்" என்ற வார்த்தையைத் தேடுங்கள். இந்த வசதி இல்லாத கேமுக்கு நான் பணம் கொடுக்கமாட்டேன். செட்டிங்ஸில் இதைத் திறந்தால் ஒரே சீராக 'டிக் டிக்' என்று ஒலிக்கும். கண்ணை மூடிக்கொண்டு அதோடு சேர்ந்து தட்டுங்கள். நீங்கள் சராசரியாக எவ்வளவு தள்ளித் தட்டுகிறீர்கள் என்று கண்டுபிடித்து கேம் தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும். சிலவற்றில் எண்ணை நாமே மாற்ற வேண்டும். பிளஸ் பக்கமா மைனஸ் பக்கமா என்பது கேமுக்குக் கேம் மாறுவதால், இருபது இருபதாக மாற்றி ஆடிப் பாருங்கள். ஸ்பீக்கருக்கு ஓர் எண், ஹெட்போனுக்கு வேறு எண். இரண்டையும் ஒரு தாளில் குறித்து வைப்பது நல்லது.

ஆனால் கலிப்ரேஷன் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. பாட்டு எப்போது வரும் என்று கேமுக்கு முன்பே தெரியும், அதனால் அதைச் சரிக்கட்டிவிடலாம். நீங்கள் எப்போது தட்டுவீர்கள் என்று அதற்குத் தெரியாதே! தட்டும்போது எழும் ஒலி தாமதமாகத்தான் வரும். அதை ஆஃப் செய்துவிடுங்கள். முடிந்தால் ஒயர் வைத்த ஹெட்போனையே பயன்படுத்துங்கள்.

இன்னும் ஒரு புகார் அடிக்கடி கண்ணில் படும்: "மூன்று விரல் வைத்தால் ஒன்று வேலை செய்யவில்லை." இது கேமின் தவறாக இல்லாமல் திரையின் வரம்பாக இருக்கலாம். மலிவான சில டேப்லட்கள் ஒரே நேரத்தில் இரண்டு விரல்களைத்தான் உணரும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் டேப்லட் சென்று பில்ட் நம்பர் மீது ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் பாயின்டர் லொகேஷனை ஆன் செய்துவிட்டு ஐந்து விரலையும் திரையில் வையுங்கள். மேலே 'பி' என்ற எழுத்தின் பக்கத்தில் எத்தனை விரல் உணரப்படுகிறது என்று வரும். பார்த்ததும் மறக்காமல் ஆஃப் செய்யுங்கள். அங்கே இருக்கும் மற்ற எதையும் தொட வேண்டாம்.

"தொடாத இடமெல்லாம் தானாகத் தட்டுகிறது" என்பவர்கள் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஆடிப் பார்க்கலாம். தரமில்லாத சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் தொடுதிரையைக் குழப்பும்.

விளம்பரங்களைப் பற்றிய புகார்களை மட்டும் அப்படியே நம்பிவிடுங்கள். அதற்கு எந்த கலிப்ரேஷனும் கிடையாது.

அந்த ஹெட்போன் இப்போது அக்காவிடம் இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு டேப்லட்டில் சீரியல் பார்க்கிறார். "உதடும் குரலும் சரியாத்தானே வருது, இதுல என்னடா கோளாறு?" என்று கேட்டார். வீடியோ ஓட்டும் சாஃப்ட்வேருக்கு அவசரம் இல்லை. ஒலி எவ்வளவு தாமதமோ அதே அளவு படத்தையும் நிறுத்திவைத்துக் காட்டுகிறது.