ஆதியும் அந்தமும் – 12: முடிவைச் சொல்லப்போகும் எண்

சூரியன் இன்னும் ஐந்நூறு கோடி ஆண்டுகளில் எப்படி ஓயும் என்று சென்ற வாரம் பார்த்தோம். அது ஒரே ஒரு விண்மீனின் கதை. பிரபஞ்சத்துக்கே முடிவு உண்டா, உண்டென்றால் எப்படி?

1998 வரை இதற்கு இரண்டு பதில்கள்தாம் முன்னால் இருந்தன. பெருவெடிப்பில் தொடங்கிய விரிவை ஈர்ப்பு விசை இழுத்துப் பிடிக்கிறது. பொருள் போதிய அளவு இருந்தால் விரிவு ஒருநாள் நின்று எல்லாம் திரும்ப வந்து நொறுங்கும், அதுதான் பெருஞ்சுருக்கம். பொருள் போதாவிட்டால் வேகம் குறைந்தபடியே விரிவு தொடரும். எவ்வளவு குறைகிறது என்று அளக்கத்தான் சால் பெர்ல்மட்டரின் குழுவும், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் இருந்த இன்னொரு குழுவும் போட்டி போட்டுக்கொண்டு தொலைதூர சூப்பர்நோவாக்களைத் தேடின.

அவர்கள் தேடியது 'ஒன்-ஏ' வகை. வெண்குள்ள விண்மீன் ஒன்றின் நிறை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கை நெருங்கும்போது வெடிப்பது. அந்த வரம்பைக் கணக்கிடத் தொடங்கியவர் 19 வயது சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து, 1930-ல் இங்கிலாந்துக்குப் போன கப்பலிலேயே அந்தக் கணக்கில் இறங்கிவிட்டார். இந்த வெடிப்புகளின் உண்மைப் பிரகாசம் தெரியும் என்பதால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம்.

இரண்டு குழுக்களுக்கும் கிடைத்த விடை ஒன்றே: வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கல். விரிவின் வேகம் குறையவில்லை, கூடுகிறது! 2011-ல் மூவருக்கும் நோபல் பரிசு. தள்ளிவிடும் அந்த ஏதோ ஒன்றுக்கு இருண்ட ஆற்றல் என்று பெயர் வைத்தார்கள். பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதம் அதுதான். அது மாறாமல் இருக்குமா, கூடுமா, தேயுமா? நம் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது.

கூடினால் என்ன ஆகும் என்று 2003-ல் ராபர்ட் கால்ட்வெல், மார்க் கமியான்கோவ்ஸ்கி, நெவின் வைன்பெர்க் மூவரும் ஒரு கணக்குப் போட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணத்தில் 2,200 கோடி ஆண்டுகளில் எல்லாம் கிழிந்துபோகும். முடிவுக்கு 6 கோடி ஆண்டுகள் முன்பு நம் பால்வீதி சிதறும். மூன்று மாதம் இருக்கும்போது கோள்கள் சூரியனின் பிடியிலிருந்து நழுவும். அரை மணி நேரம் முன்பு பூமி வெடிக்கும். கடைசியில் அணுக்களும் மிஞ்சாது.

மாறாமல் இருந்தால் பெருங்குளிர். சுமார் நூறு லட்சம் கோடி ஆண்டுகளில் புதிய விண்மீன்கள் பிறப்பது நின்றுவிடும். பிறகு கருந்துளைகள் மட்டும். ஸ்டீபன் ஹாக்கிங் 1974-ல் காட்டியபடி அவையும் மெல்ல ஆவியாகும். மிகப் பெரியவை மறைய, ஒன்றுக்குப் பின்னால் நூறு பூஜ்யங்கள் போடும் அளவு ஆண்டுகள் ஆகும். என்னைக் கலங்கவைப்பது அதற்கு வெகு முன்பே நடக்கப்போகிற ஒன்று. சுமார் பத்தாயிரம் கோடி ஆண்டுகளில், நம் அண்டை விண்மீன் திரள்களைத் தவிர மற்றவை எல்லாம் பார்வைக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விடும். பெருவெடிப்பின் எச்ச ஒளியும் கண்டறிய முடியாதபடி தேய்ந்திருக்கும். அப்போது பிறக்கும் ஒரு வானியலாளருக்குப் பிரபஞ்சம் விரிகிறது என்பதற்கான தடயமே கிடைக்காது. நமக்கோ அந்தத் தடயங்கள் கண்ணெதிரே இருக்கின்றன.

அவற்றைத்தான் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிட் பீக் மலைமேல் அளந்துகொண்டிருக்கிறார்கள். நான்கு மீட்டர் மேயால் தொலைநோக்கியில் பொருத்திய 'டெசி' என்ற கருவி அது. அதன் குவியத் தளத்தில் 5,000 ஒளியிழைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி குட்டி ரோபோ. இதற்கு முந்தைய ஸ்லோன் ஆய்வில் அலுமினியத் தகட்டில் துளை போட்டு, ஆட்கள் கையால் இழைகளைச் செருகினார்கள். இங்கே சில நிமிடங்களில் 5,000 இழைகளும் தாமாகவே திரும்பி, அடுத்த 5,000 இலக்குகளுக்கு நேராக நிற்கின்றன. அந்த ஒளி பத்து நிறமாலைமானிகளுக்குப் போகிறது.

அளவுகோல் வானத்திலேயே இருக்கிறது. பிரபஞ்சம் பிறந்து முதல் 3,80,000 ஆண்டுகள் அதன் கொதிக்கும் குழம்பில் ஒலியலைகள் ஓடின. குழம்பு தணிந்ததும் அவை, குளத்தில் எழுந்த வட்ட அலை அப்படியே உறைந்ததுபோல், நின்றுவிட்டன. அந்தத் தடம் இன்று சுமார் 50 கோடி ஒளியாண்டு நீளம். அந்த இடைவெளியில் திரள்கள் சற்றுக் கூடுதலாக அமைந்திருக்கின்றன. வெவ்வேறு காலத்து ஒளியில் அதை அளந்தால், எப்போது எவ்வளவு விரிந்தது என்று தெரிந்துவிடும்.

2024 ஏப்ரலில் முதல் முடிவு வந்தது. 2025 மார்ச்சில், ஏறத்தாழ ஒன்றரைக் கோடி திரள்களையும் குவாசர்களையும் வைத்து அடுத்தது. சூப்பர்நோவாக்களையும் எச்ச ஒளியையும் சேர்த்துப் பார்த்தால், இருண்ட ஆற்றல் தேய்ந்துவருகிறது என்பதே இரண்டிலும் தெரியும் சாயல். அப்படியே தேய்ந்தால் வேகமெடுப்பு நிற்கலாம். அது எதிர்த்திசைக்கே மாறினால், நாம் மூட்டை கட்டி வைத்த பெருஞ்சுருக்கம் மறுபடி வாசலுக்கு வரும்.

அவசரப்பட வேண்டாம். கண்டுபிடிப்பு என்று இயற்பியலில் ஏற்க ஐந்து சிக்மா (புள்ளியியல் உறுதியின் அளவு) வேண்டும். 2025 மார்ச் முடிவில் இவர்களிடம் இருந்தது, எந்த சூப்பர்நோவா பட்டியலைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, 2.8 முதல் 4.2 வரை. என் கணிப்பில் இது புறந்தள்ளக்கூடிய சாயல் அல்ல; தீர்ப்பும் அல்ல.

முன்னறிவிப்பே இல்லாமல், ஒளியின் வேகத்தில் வந்து சேரக்கூடிய இன்னொரு முடிவும் உண்டு. ஹிக்ஸ் துகளின் நிறை கிளப்பிய அந்தச் சந்தேகத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)